சார்ஜ் ஒப்படைத்தேன், சார்ஜ் பெற்றுக்கொண்டேன்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆணி அதிகம். இன்னைக்கு எழுத வெச்சது இங்க நாக்பூர்ல இருக்கற நம்ம நண்பர் ஒருத்தர். ஊர்ல அப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு ராத்திரியோட ராத்திரியா கிளம்பினார். பேங்க்காரன் ஆச்சேன்னு ஸ்டேஷன்லேர்ந்தே எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டார். "சார், அப்பாவோட ஏடிஎம் பின் யாருக்கும் தெரியாது. என்ன பண்றது?"

அந்த நேரத்துக்கு என்ன சொல்லணுமோ சொல்லி அனுப்பிட்டேன். ஆனா முழு பதில் சொல்லணும்னா ஒரு சர்வர் கதையைச் சொல்லணும். பி.காம். படிச்சவன் சர்வர் கதை சொல்றானேன்னு பயந்து ஓடாதீங்க. எனக்குப் புரிஞ்சது உங்களுக்குப் புரியாம போகாது :-)

எங்க மண்டல அலுவலகத்துல 'கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்'னு ஒரு பட்டம் எனக்கு எப்படியோ வந்து சேர்ந்துடுச்சு. எக்ஸெல்ல ரெண்டு ஃபார்முலா போட்டதுதான் நான் செஞ்ச தப்பு. வாடிக்கையாளர் கணக்கெல்லாம் இருக்கற பெரிய சர்வர் வேற ஊர்ல பத்திரமா இருக்கு, அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. என் தலையில விழுந்தது டொமைன் கன்ட்ரோலர். காலையில வந்து பொட்டியைத் திறந்து பேரும் பாஸ்வேர்டும் அடிக்கிறோமே, 'ஆமா, இவர் நம்ம ஆளுதான், உள்ளே விடு'ன்னு சொல்ற சர்வர் அது. வாசல்ல உட்கார்ந்திருக்கற காவலாளி மாதிரி. அவர் கையில ஒரு ரிஜிஸ்டர், அதுல ஆபீஸ்ல இருக்கற எல்லார் பேரும், எல்லா கம்ப்யூட்டர் பேரும்.

ஒரே காவலாளி இருந்தா அவருக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு ஆபீஸ் கோவிந்தா. அதனால குறைஞ்சது ரெண்டு பேர். பழைய விண்டோஸ் என்.டி. காலத்துல ஒருத்தர் முதலாளி, மத்தவங்க எல்லாம் நகல். முதலாளிகிட்ட மட்டும்தான் மாத்தி எழுத முடியும். விண்டோஸ் 2000லேர்ந்து ஆக்டிவ் டைரக்டரி வந்தது, எந்த கன்ட்ரோலர்ல வேணும்னாலும் எழுதலாம், தங்களுக்குள்ள பேசி நகல் எடுத்துக்கும்னு ஆச்சு. ஆனா அஞ்சு வேலையை மட்டும் ரெண்டு பேர் செஞ்சா குழப்பம்னு, அதுகளை ஒரு நேரத்துல ஒரே சர்வர்தான் செய்யணும்னு வெச்சாங்க. எஃப்.எஸ்.எம்.ஓ. பொறுப்புகள், செல்லமா 'ஃபிஸ்மோ'.

ஸ்கீமா மாஸ்டர், ரிஜிஸ்டர்ல என்னென்ன காலம் இருக்கணும்னு முடிவு பண்றவர். டொமைன் நேமிங் மாஸ்டர், புதுசா டொமைன் சேர்க்கவும் நீக்கவும் கையெழுத்து போடறவர். ரிட் மாஸ்டர், டோக்கன் குடுக்கறவர். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தனி எண் வேணும், அதை 500 எண்களா கட்டுக்கட்டா பிரிச்சு மத்த கன்ட்ரோலர்களுக்குத் தருவார், நாங்க கிளைகளுக்கு செக் புக் அனுப்பற மாதிரி. பி.டி.சி. எமுலேட்டர், யாராவது பாஸ்வேர்டு மாத்தினா முதல்ல தகவல் போறது இவருக்கு. ஆபீஸ் முழுக்க கடிகாரம் ஓடறதும் இவரைப் பார்த்துதான். கடைசியா இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர், பல டொமைன் இருக்கற இடத்துல பேர் தொடர்புகளைச் சரியா வெச்சுக்கறவர். ஒரே டொமைன் இருக்கற எங்களை மாதிரி இடத்துல அவருக்கு வேலை கம்மி. எல்லா ஆபீஸ்லயும் அப்படி ஒருத்தர் இருப்பார்தானே.

இந்த அஞ்சையும் ஒரு சர்வர்கிட்டேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்த ரெண்டு வழி உண்டு. பழைய சர்வர் உயிரோட இருக்கும்போது ரெண்டும் பேசி மாத்திக்கறது டிரான்ஸ்ஃபர். பழையது செத்துப் போச்சு, இனிமே வராதுன்னா புதுசு தானா எடுத்துக்கறது சீஸ். நம்ம பாஷையில சொன்னா முதலாவது சார்ஜ் ஒப்படைப்பு, ரெண்டாவது பறிமுதல்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2012ல நான் ராய்ப்பூர்ல இருந்தேன். ஒரு மழை நாள்ல கரண்ட் போய் வந்ததுல அங்க இருந்த முக்கியமான சர்வரோட மதர்போர்டு போச்சு. அஞ்சு பொறுப்பும் அதுகிட்டதான் இருந்தது. தலைமை அலுவலக இன்ஜினியர் ஃபோன்ல சொல்லச் சொல்ல, ஒரு கறுப்பு ஜன்னல்ல நான் ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். அரை மணி நேரத்துல ரெண்டாவது சர்வர் அஞ்சையும் எடுத்துக்கிச்சு. ஆபீஸ் ஓடிச்சு, எனக்குப் பெருமை தாங்கலை.

மூணு வாரம் கழிச்சு பழைய சர்வர் ரிப்பேர் ஆகி ஒரு ஆட்டோவுல வந்து இறங்கிச்சு. விளக்கெல்லாம் பச்சையா எரிஞ்சது. சந்தோஷமா ஃபோன் போட்டேன். அந்த இன்ஜினியர் பதறிட்டார். "கேபிளை மட்டும் சொருகிடாதீங்க சார்! அது இன்னும் தான்தான் மாஸ்டர்னு நினைச்சுக்கிட்டு இருக்கும்."

அவர் விளக்கினது இதுதான். ரெண்டு பேர் தனித்தனியா டோக்கன் கட்டு குடுக்க ஆரம்பிச்சா, ஒரே எண் ரெண்டு ஆளுக்குப் போக வாய்ப்பு உண்டு. அதனால ஸ்கீமா, நேமிங், ரிட் இந்த மூணையும் பறிச்ச பிறகு பழைய சர்வரை அப்படியே திரும்ப சேர்க்கக்கூடாது. துடைச்சுட்டு புது ஆளா வேணும்னா சேர்க்கலாம். அதே மாதிரி, சாகறதுக்கு முன்னாடி அது கடைசியா எழுதி, மத்தவங்களுக்கு நகல் குடுக்காம விட்டது எதுவோ, அது போனது போனதுதான்.

நல்லா ஓடிக்கிட்டிருந்த மெஷினை நானே உட்கார்ந்து துடைச்சேன். ஏனோ அன்னைக்கு சாப்பாடு இறங்கலை.

இப்ப வீட்டுக்கு வர்றேன்.

அப்பா போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிடையர் ஆனவர். மயிலாடுதுறையில வீடு, பக்கத்து கிராமத்துல மூணு மா நிலம், குத்தகைக்கு விட்டிருக்கு. 2022 ஆகஸ்ட்ல ஒரு நாள் காலையில பல் தேய்க்கப் போனவர் கிணத்தடியில விழுந்துட்டார். பக்கவாதம். வலது கை வரலை, பேச்சு குழறல். நான் ஃபிளைட் பிடிச்சு சென்னை போய் அங்கேர்ந்து கார்ல ஓடினேன்.

அந்தப் பத்து நாள்ல நான் செஞ்சதை அப்ப எல்லாரும் பாராட்டினாங்க. பென்ஷன் கணக்கு அவர் பேர்ல மட்டும் இருந்தது. கையெழுத்து போட முடியாதவங்களுக்கு கைநாட்டு வெச்சு, வங்கிக்குத் தெரிஞ்ச ரெண்டு சாட்சி, அதுல ஒருத்தர் பொறுப்பான வங்கி அதிகாரி, இப்படி ஒரு முறை இருக்கு. மேனேஜரை வீட்டுக்கே கூட்டிட்டு வந்து அம்மாவைச் சேர்த்து 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்'னு மாத்தினேன். கணக்குல இருந்த செல்ஃபோன் நம்பரை எடுத்துட்டு என் நம்பரைக் குடுத்தேன். கரண்ட் பில், வீட்டு வரி, கேஸ் எல்லாம் என் ஃபோனுக்கு வந்துடுச்சு. குத்தகைக்காரரைக் கூப்பிட்டு, "இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்டயே பேசுங்க"ன்னு சொல்லிட்டு ரயில் ஏறினேன். தங்கமணிகூட, "உங்க பேங்க் வேலைக்கு முதல் தடவையா பிரயோஜனம்"னு சொன்னா :-)

அப்பா தேறினார். நவம்பர்ல உயிர்வாழ் சான்றுக்கு அம்மா தோளைப் பிடிச்சுக்கிட்டு தானே நடந்து போனார். பொங்கலுக்குள்ள பேச்சும் கிட்டத்தட்ட சரியாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை ஃபோன்ல சொன்னார். "கரண்ட்டு ரீடிங் எடுக்க வந்தாங்கடா. கார்டை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனேன். 'உங்க பையன் ஃபோனுக்கு வந்துடும் ஐயா, நீங்க ஏன் அலையறீங்க'ன்னு போயிட்டாங்க." அவ்வளவுதான் சொன்னார். "ஆமாப்பா, உங்களுக்கு சிரமம் வேண்டாம்"னு நானும் வெச்சுட்டேன். அப்பக்கூட எனக்கு அந்த ராய்ப்பூர் சர்வர் ஞாபகம் வரலை பாருங்க.

2023 மே மாசத்துக்கு வர்றேன். எங்க பழைய கன்ட்ரோலர் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2ல ஓடிக்கிட்டிருந்தது. அந்த வருஷம் அக்டோபர் 10ஆம் தேதியோட அதுக்கு ஆதரவு முடியுதுன்னு தேதி குறிச்சாச்சு. புது சர்வர்ல 2022 போட்டு கன்ட்ரோலரா ஆக்கி வெச்சிருந்தாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை பொறுப்புகளை மாத்தணும். நாக்பூர் மே வெயில், வெளியே தார் உருகுது. சர்வர் ரூம் ஏசி மட்டும் இல்லைன்னா நானும் உருகியிருப்பேன். கூட ஒப்பந்த கம்பெனியிலேர்ந்து ஒரு மராத்திப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும்.

முதல் வேலை ரெண்டு சர்வரோட ரிஜிஸ்டரும் ஒத்துப்போகுதான்னு பார்க்கறது. ரெப்அட்மின்னு ஒரு கட்டளை. பார்த்தா பதினோரு நாளா ரெண்டும் பேசிக்கலை. பையன் ஈசியா சொன்னான். "விடுங்க சர், பழையதை அணைச்சுட்டு சீஸ் பண்ணிடலாம். பத்து நிமிஷம்."

எனக்கு ராய்ப்பூர் ஆட்டோ கண்ணு முன்னாடி வந்து நின்னது. "வேண்டாம் தம்பி. அது உயிரோட இருக்கு. உயிரோட இருக்கறவங்ககிட்ட கேட்டுத்தான் வாங்கணும்"னேன். அந்தப் பதினோரு நாள்ல பழையதுல சேர்த்த ரெண்டு புது ஊழியர் பேர் புதுசுல இல்லவே இல்லை. பறிச்சிருந்தா திங்கக்கிழமை காலையில அவங்க ரெண்டு பேரும் வாசல்லயே நின்னிருப்பாங்க.

ஒன்றரை மணி நேரம் தேடினோம். புது சர்வர்ல இணையம் வரலைன்னு யாரோ டி.என்.எஸ். முகவரியை மாத்தி ரவுட்டரைக் காட்டி வெச்சிருக்காங்க. பக்கத்துல நிக்கற அண்ணனோட விலாசத்தைத் தெருவுல போறவங்ககிட்ட கேட்ட கதை. அதைச் சரி பண்ணினதும் ரெண்டும் பேச ஆரம்பிச்சது. தவறுகள் பூஜ்யம்னு வர்ற வரைக்கும் கை வைக்கலை.

அப்புறம் மாத்தினது ரொம்ப சாதாரணம். யார்கிட்ட குடுக்கப்போறோமோ அந்த சர்வரோட இணைச்சுக்கணும். ஆபரேஷன்ஸ் மாஸ்டர்ஸ்னு ஒரு ஜன்னல். மேல் கட்டத்துல இப்ப பொறுப்புல இருக்கறவர் பேர், கீழ் கட்டத்துல வாங்கிக்கப்போறவர் பேர். 'சேஞ்ச்' அமுக்கினா 'நிச்சயமா?'ன்னு கேட்டுட்டு மாத்தும். ரிட், பி.டி.சி., இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மூணும் ஒரே இடத்துல. நேமிங் வேற இடத்துல. ஸ்கீமாவுக்கு முதல்ல ஒரு கோப்பைப் பதிவு பண்ணினாதான் அந்த ஜன்னலே தெரியும். பவர்ஷெல்ல ஒரே வரியில அஞ்சையும் மாத்தலாம். நான் வேணும்னுதான் ஒவ்வொண்ணா செஞ்சேன். கடைசியா 'நெட்டாம் க்வெரி ஃபிஸ்மோ' அடிச்சுப் பார்த்தா அஞ்சு வரியிலயும் புதுப் பேர்.

அந்த ரெண்டு கட்டத்தையும் பார்க்கறப்ப அப்பாவோட சார்ஜ் பேப்பர்தான் ஞாபகம் வந்தது. சின்ன வயசுல ஒவ்வொரு டிரான்ஸ்ஃபருக்கும் பார்த்திருக்கேன். புது போஸ்ட் மாஸ்டர் வந்தா அப்பா பக்கத்துல உட்கார்ந்து கேஷை எண்ணி, ஸ்டாம்ப்பை எண்ணி, சாவியைக் குடுத்து, 'ஒப்படைத்தேன்'னு ஒரு கையெழுத்து, 'பெற்றுக்கொண்டேன்'னு ஒரு கையெழுத்து. ராத்திரி எட்டு மணி ஆனாலும் எண்ணி முடிக்காம எழுந்து வரமாட்டார். நான் பேங்க்ல சேர்ந்தப்ப எனக்கு அவர் சொன்ன ஒரே புத்திமதி, "ஆள் நாற்காலியில இருக்கும்போதே சார்ஜ் வாங்கு. அப்பதான் பேப்பர்ல இல்லாததையும் கேட்க முடியும்."

திங்கக்கிழமை யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியலை. அதுதான் நல்ல சார்ஜ் ஒப்படைப்புக்கு அடையாளம். ரெண்டு வாரம் கழிச்சு கேஷ் கவுண்டர் அம்மா சொன்னாங்க, "சார், என் கைக்கடிகாரத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நாலு நிமிஷம் வித்தியாசம்." பக்கத்து கம்ப்யூட்டரைப் பார்த்தேன், அதுவும் அதே நேரம். எல்லாமே ஒரே மாதிரி நாலு நிமிஷம் முன்னாடி! எல்லாரும் சேர்ந்து தப்பா இருந்ததால யாருக்கும் தப்புன்னே தெரியலை.

காரணம் இதுதான். நான் முன்னாடி சொன்ன பி.டி.சி. எமுலேட்டர்தான் ஆபீஸ் கடிகாரம். அது யாரைப் பார்த்து நேரம் வெச்சுக்கணும்னு பழைய சர்வர்ல யாரோ எப்பவோ எழுதி வெச்சிருந்தாங்க. பொறுப்பு புது சர்வருக்கு மாறிச்சு, அந்தக் குறிப்பு மாறலை. அது அந்த மெஷின்லயே இருக்கற குறிப்பு, பொறுப்போட சேர்ந்து வராது, நாமதான் கேட்டு எழுதிக்கணும். நல்லவேளை, பழையதை இன்னும் பதவி இறக்கலை. அதுகிட்டயே பார்த்து, புதுசுல எழுதினோம். அதுக்கப்புறம்தான் பழையதை முறைப்படி இறக்கி ஓய்வு குடுத்தோம்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. 'அப்பாகிட்ட என்ன குறிப்பு இருந்ததுன்னு நான் கேட்டேனா?'

ஜூன்ல லீவு போட்டு ஊருக்குப் போனேன். ரெண்டாம் நாள் அப்பா பக்கத்துல உட்கார்ந்து, "அப்பா, நான் உங்ககிட்ட சார்ஜ் முறையா வாங்கலை. இப்ப குடுங்க"ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் அலமாரியிலேர்ந்து ஒரு நீல நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். இடது கையால பக்கம் திருப்பினார். என் பெரியவ பேர்ல போட்டிருந்த போஸ்ட் ஆபீஸ் பத்திரம், எனக்குத் தெரியாது. கோயிலுக்கு மாசாமாசம் விளக்கெண்ணெய்க்குக் குடுக்கறது, பத்து மாசமா நின்னு போயிருந்தது. அடுத்த பக்கத்துல குத்தகை.

2021 நவம்பர் மழையில டெல்டாவுல பயிர் மூழ்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருஷ பாக்கியை விட்டுடறேன்னு அப்பா குத்தகைக்காரருக்கு வாக்கு குடுத்திருக்கார். நோட்டுல ஒரே வரி, 'பாக்கி தள்ளுபடி'ன்னு.

நான் என்ன பண்ணியிருந்தேன் தெரியுமா? 2023 ஜனவரியில, பேங்க்காரன் புத்தியில, ரெண்டு வருஷக் கணக்கையும் போட்டு, பாக்கியோட சேர்த்து கேட்டு வாங்கியிருந்தேன். அவர் ஃபோன்ல, "ஐயா வேற மாதிரி சொன்னாங்களே தம்பி"ன்னு இழுத்தார். "ஐயாவுக்கு உடம்பு முடியலை, இப்ப நான்தான் பார்க்கறேன்"னு சொன்னேன். அடுத்த மாசம் அறுக்கற நேரத்துல பெஞ்ச மழையில அவருக்கு அந்தப் போகமும் அடி. அவர் வீட்டம்மா தோட்டை அடகு வெச்சுதான் எனக்குப் பணம் அனுப்பினார்னு அப்பா சொல்லித்தான் தெரியும். அப்பாகிட்ட அவர் வந்து சொல்லியிருக்கார். அப்பா எனக்குச் சொல்லலை.

"ஏம்ப்பா சொல்லலை?"

"சார்ஜ் உன்கிட்ட இருக்கும்போது நான் எப்படிடா பேசறது?"

ரெண்டு மாஸ்டர், ஒரே டோக்கன், ரெண்டு வாக்கு. ராய்ப்பூர்ல கேபிளைச் சொருகாம இருந்த எனக்கு வீட்டுல புத்தி இல்லை.

அன்னைக்கு சாயங்காலமே அப்பாவை ஆட்டோவுல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போய் அவர் வீட்டுத் திண்ணையில பணத்தைத் திருப்பிக் குடுத்தேன். "இதுக்கு எதுக்கு தம்பி நீங்க..."ன்னார். வாங்கிக்கத் தயங்கினார். அப்பா, "வாங்கிக்கய்யா, அவன் கணக்குல தப்பு பண்ணிட்டான்"னார். தோடு திரும்பி வந்துடுச்சுன்னு தீபாவளிக்குத் தெரிஞ்சது. ஆனா அந்த ஜனவரி ஃபோனை என்னால திருப்பி வாங்க முடியாது.

சர்வருக்கும் மனுஷனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. பறிச்ச பிறகு பழைய சர்வரைத் துடைச்சாகணும். மனுஷனுக்குத் திருப்பிக் குடுக்கலாம். குத்தகை மறுபடியும் அப்பா பொறுப்பு. அவர் ஃபோன் நம்பரையும் கணக்குல திரும்ப மாத்திட்டோம், மெசேஜ் வந்தா நோட்டுல எழுதறார், இடது கையில. கரண்ட் பில் நான் கட்டறேன், ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை யூனிட் எவ்வளவுன்னு அவர்தான் படிச்சுச் சொல்லுவார். எனக்கும் ஃபோன்ல வரும்தான். இருந்தாலும் கேட்டுக்கறேன்.

ஏடிஎம் பின் கேட்ட நண்பருக்கு இதான் என் பதில். பின்னைத் தேடாதீங்க. மேனேஜரை வீட்டுக்கு வரச் சொல்லுங்க, கைநாட்டுக்கு வழி இருக்கு. அப்பா கண் திறந்து பேச ஆரம்பிச்சதும் பக்கத்துல உட்கார்ந்து நோட்டு எங்கே இருக்குன்னு கேளுங்க. ஊரை விட்டு ரொம்ப தூரத்துல இருக்கற நம்ம எல்லாருக்கும் அதேதான். அடுத்த லீவுல போறப்ப ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. நாமினேஷன், கணக்கு, பத்திரம் எல்லாம் பாருங்க, ஆனா அதோட எழுந்துடாதீங்க. யாருக்கு என்ன வாக்கு குடுத்திருக்காங்கன்னும் கேளுங்க.

அப்பா கூப்பிடறார். ஞாயித்துக்கிழமை சரியா எட்டு மணி. அவர் கடிகாரத்துக்கு எந்த சர்வரும் வேண்டாம். வர்றேன்.